பெரிய வெள்ளியன்று உருளைக்கிழங்கு நடலாமா?

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ச் சபையிலிருந்து வந்த கேள்வி இது. கோயிலுக்குப் பின்னால் 20 அடிக்கு 10 அடி புல்தரை சும்மா கிடக்கிறது. லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) அதைக் காய்கறித் தோட்டமாக்க ஆசை. ஈஸ்டருக்குள் ஏதாவது பச்சையாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. அக்கம்பக்கத்து அமெரிக்கப் பெரியவர்கள் பட்டாணியை மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளில் விதைக்கச் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளியன்று நடச் சொல்கிறார்கள். அதைக் கேட்கலாமா, வேறு என்ன போடலாம், இதில் விசுவாசத்துக்கு என்ன இடம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாட்களையும் ஞாபகக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டளையாக வேண்டாம். மண் இடம் கொடுத்தால் பட்டாணிக்கு மார்ச் 17 சரிதான். பெரிய வெள்ளி சில வருடம் உருளைக்கிழங்குக்கு அச்சாகப் பொருந்தும். சில வருடம் கிழங்கு சேற்றுக்குள் அழுகும். இந்த நாட்களைவிட, விதைப்பைப் பற்றி வேதம் சொல்லும் புத்திமதிதான் தோட்டத்துக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

முதலில் பெரிய வெள்ளி. ஈஸ்டர் என்பது மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு (சபைக் கணக்குப்படியான பௌர்ணமி). அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும். பெரிய வெள்ளியோ மார்ச் 20 முதல் ஏப்ரல் 23 வரை ஊசலாடும். 2026ல் அது ஏப்ரல் 3, 2027ல் மார்ச் 26, 2025ல் ஏப்ரல் 18. மத்திய நியூ ஜெர்சியில் உருளைக்கிழங்கு நடும் காலம் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை. பெரியவர்களின் பேச்சு பல வருடம் பலிப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் மார்ச் 26 அன்று எடிசன் பக்கத்துக் களிமண் பெரும்பாலும் சில்லென்று, சொதசொதவென்று இருக்கும். அந்த வருடங்களில் இரண்டு வாரம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த பயிர். வேதாகமத்தில் அதன் பெயரே இல்லை, அதிலும் பூமிக்குள் இருட்டில் விளைகிறது என்று சிலர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்களாம். அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் என்பார்கள்: விதைக்கிழங்கின் மேல் தீர்த்தம் தெளித்துப் பெரிய வெள்ளியன்று நட்டுவிடுவது. அன்றைக்கு மண்ணின் மேல் பிசாசுக்கு அதிகாரம் கிடையாது என்பது நாட்டு நம்பிக்கை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொந்தத் துண்டு நிலத்தில் இறங்க ஓய்வு கிடைத்த நாளும் அதுதான். எனக்கென்னவோ பிசாசைவிட லீவுக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனின் சில பகுதிகளில் பெரிய வெள்ளியன்று மண்ணில் இரும்பு படவே கூடாது, ஏர் பூட்டினால் கேடு என்று நம்பினார்கள். ஒரே நாள், ஒரே விசுவாசம், நேர் எதிரான இரண்டு விதி. ஆகவே, அன்று நடாவிட்டால் ஏதோ குறை என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஈஸ்டரையும் விதைப்பையும் முடிச்சுப் போட்டது குளிர்நாட்டு ஐரோப்பா. இயேசு நடந்த நாட்டில் விதைப்பு இலையுதிர் காலத்தில், முன்மாரி விழுந்த பிறகு. பின்மாரி வசந்தத்தில் பெய்து கதிரை முற்ற வைக்கும். பஸ்கா வரும்போது வாற்கோதுமை அறுப்புக்கு வந்திருக்கும். லேவியராகமம் 23ல் முதற்கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவரச் சொல்வது அந்தச் சமயத்தில்தான். கிறிஸ்துவை நித்திரையடைந்தவர்களில் முதற்பலன் என்று பவுல் எழுதுவதற்கு வயலில் இருந்த காட்சி அதுதான். திருநெல்வேலிப் பக்கம் அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் பூசணியும் கொண்டுவந்து கோயிலில் ஏலம் விட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். பைபிளின் வசந்தம் அறுவடைக் காலம், நியூ ஜெர்சியின் வசந்தம் விதைப்புக் காலம். இரண்டையும் ஒன்றாக்கி ஈஸ்டருக்குள் விளைச்சல் வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் ஈஸ்டருக்குப் பச்சை வேண்டாமா? வேண்டும், அதற்கு வெளியே மண்ணை நம்பாதீர்கள். சிசிலியிலும் தெற்கு இத்தாலியிலும் லெந்து காலத்தில் தட்டில் பஞ்சு பரப்பி, கோதுமையையும் பயறையும் தூவி, இருட்டில் முளைக்க வைப்பார்கள். வெளிச்சம் படாததால் முளை வெளிர் மஞ்சளாக நீண்டு வளரும். பெரிய வியாழனன்று அதற்கு ரிப்பன் கட்டி நற்கருணைப் பீடத்தின் முன் வைப்பார்கள். நம் ஊர் முளைப்பாரி பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. போலந்தில் இதேபோல ஈஸ்டர் மேசைக்கு ஹாலிம் (கார்டன் கிரெஸ்) என்ற சிறு கீரையை ஈரப் பஞ்சில் முளைக்க வைக்கிறார்கள். நீங்கள் பெரிய வெள்ளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆளுக்கு ஒரு தட்டு கோதுமை முளைக்கப் போடுங்கள். முழுக் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியிலோ இரண்டு விரற்கடை மண்ணிலோ நெருக்கமாகப் பரப்பினால் போதும். பாதி நாட்கள் இருட்டிலும் மீதி நாட்கள் ஜன்னலிலும் வைத்தால் பச்சையாகவே வரும். கோதுமை மணியைப் பற்றிய யோவான் 12:24ஐ அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் தேவைப்படாது.

சரி, இனி அந்தப் புல்தரை.

20க்கு 10 என்பது தோதான அளவு. நான்கடி அகலத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி, நடுவில் இரண்டடி நடைபாதை, கணக்கு சரியாக வருகிறது. நான்கடிக்கு மேல் போனால் நடுவில் கை எட்டாது. பாத்தியை மிதிக்க வேண்டி வரும். ஆனால் முதல் வருடம் ஒரு பாத்தி மட்டும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். கோயில் தோட்டங்கள் மார்ச்சில் வாடுவதில்லை. மார்ச்சில் முப்பது பேர் மண்வெட்டியோடு வருவார்கள். ஜூலையில், பாதிப் பேர் ஊருக்குப் போயிருக்கும்போது, களை எடுக்கவும் தண்ணீர் ஊற்றவும் யார் வருகிறார்கள் என்பதில்தான் தோட்டத்தின் ஆயுள் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று இப்போதே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். கட்டடத்தின் வடக்குப் பக்கம் என்றால் யோசியுங்கள். கீரை வகைகள் நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும், பட்டாணியும் கிழங்கும் சமாளிக்காது. அதைவிட முக்கியம் மண் பரிசோதனை. உங்கள் பக்கத்து ஊரான நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வேளாண் விரிவாக்க அலுவலகம் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) ஒன்று உண்டு, அவர்கள் வழியாக மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கார அமிலத்தன்மையோடு ஈயத்துக்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 1978க்கு முன் கட்டிய கட்டடம் என்றால் ஈயப் பெயின்ட் உதிர்ந்து சுவரோரத்து மண்ணில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் கை வைக்கிற மண்ணில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. முடிவு வரும்வரை சுவரை விட்டுத் தள்ளியே பாத்தி போடுங்கள்.

புல்லைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. டேப் பிரித்த அட்டைப்பெட்டிகளை இரண்டு அடுக்காகப் பரப்பி நனைத்து, மரச்சட்டத்தை மேலே வைத்து, பத்து அங்குல உயரத்துக்கு மண்ணும் கம்போஸ்ட்டும் கலந்து நிரப்புங்கள். ஒரு பாத்திக்கு இரண்டரை கியூபிக் யார்ட் ஆகும். மூட்டை மூட்டையாகக் கடையில் வாங்குவதைவிட லாரியில் மொத்தமாக இறக்குவது மலிவு. பச்சைச் சாணம் கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். மண்ணைத் தொட்டு விளையும் காய்க்குப் பச்சை எருவுக்கும் அறுவடைக்கும் நடுவில் 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. முள்ளங்கி 30 நாளில் வந்துவிடும். மட்கிய உரம் மட்டும் போதும்.

மேட்டுப்பாத்தி போடாமல் தரையிலேயே செய்வதாக இருந்தால் ஒரு சோதனை. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு அப்படியே நின்றால் அன்று மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஈரக் களிமண்ணைக் கிளறினால் அது காய்ந்து கட்டியாகி, அந்த வருடம் முழுக்க வேரை நெருக்கும். செயின்ட் பேட்ரிக் நாளானாலும் பெரிய வெள்ளியானாலும் இந்தச் சோதனைதான் முதலில்.

அடுத்தது மண்ணின் சூடு. பத்திரிகையில் போடுகிற காற்று வெப்பநிலை வேறு, இது வேறு. மண்ணில் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கிக் காலையில் மூன்று அங்குல ஆழத்தில் தொடர்ந்து நான்கைந்து நாள் பாருங்கள். பட்டாணி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது செல்சியஸில் நான்கரை வாக்கில், முளைக்கத் தொடங்கிவிடும். ஆனால் 41 டிகிரியில் அது வெளியே தலைகாட்ட சுமார் 36 நாள் எடுக்கும். 50 டிகிரியில் 13 நாள். 59ல் ஒன்பதே நாள். மார்ச் 17 அன்று குளிர்ந்த மண்ணில் போட்டதும் ஏப்ரல் 5 அன்று இளஞ்சூட்டில் போட்டதும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் முளைப்பது இதனால்தான். முன்னால் போட்டது கூடுதலாகச் சந்திப்பது அழுகலையும் எலியையும்தான்.

அப்படியானால் மார்ச் 17 என்ற விதி ஏன் வந்தது? பட்டாணிக்குப் பயம் குளிர் அல்ல, வெயில். செடியாக இருக்கும்போது லேசான உறைபனியைத் தாங்கும். பூவும் காயும்தான் தாங்காது. ஆனால் பகல் வெப்பம் 80, 85 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர்ந்து காய்ப்பு நின்றுவிடும். நியூ ஜெர்சியில் ஜூன் நடுவிலேயே அது வந்துவிடும். அதற்குள் அறுவடை முடிய வேண்டுமென்றால் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். மார்ச் 17 என்பது இதை மறக்காமல் இருக்க ஒரு மணியடி. சொல்லப்போனால் அயர்லாந்தில் அந்த நாள் உருளைக்கிழங்கு நடவோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அங்கே கடல் காற்றால் குளிர் மிதம். அட்லாண்டிக் தாண்டி இங்கே வந்தபோது அந்த நாள் பட்டாணிக்கு ஒட்டிக்கொண்டது போலும். அதே மார்ச் 17 நிவெல் ஊர்ப் புனித கெர்த்ரூதின் திருநாளும்கூட. ஜெர்மானிய நாடுகளில் தோட்டக்காரர்களின் பாதுகாவலி அவர். அன்று வானம் தெளிவாக இருந்தால் தோட்ட வேலையைத் தொடங்கலாம் என்பது பழைய வழக்கு. பேட்ரிக்கின் பச்சைத் தொப்பி ஊர்வலத்தில் பாவம், அந்த அம்மாவை யாரும் நினைப்பதில்லை.

இங்கேதான் பிரசங்கி 11ஆம் அதிகாரம் எனக்குத் தோட்டப் புத்தகம்போல ஆகிறது. நான்காம் வசனம்: "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான், மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்." சரியான நாள் வரட்டும் என்று மே மாதம் வரை காத்திருக்கிற நம்மைப் பற்றியது. ஆறாம் வசனம் இன்னும் நேரடியானது. காலையிலும் விதை, மாலையிலும் கையை நெகிழவிடாதே, எது வாய்க்கும் என்று உனக்குத் தெரியாது என்கிறது. அப்படியே செய்யுங்கள். பட்டாணி விதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை மார்ச் 17 ஒட்டி மண் உதிர்ந்து வரும் முதல் நாளில் போடுங்கள், மறு பாதியை இரண்டு வாரம் கழித்து. குளிர் நீடித்தால் இரண்டாவது பிழைக்கும். வெயில் முந்தினால் முதலாவது பிழைக்கும். எந்தப் பழமொழி நாளையும்விட இது நம்பகமானது.

பட்டாணியை ஓர் அங்குல ஆழம், இரண்டு அங்குல இடைவெளியில் போடுங்கள். ஊறவைத்துப் போடச் சொல்வார்கள். குளிர்ந்த ஈர மண்ணில் அது அழுகலுக்குத்தான் வழி, உலர்ந்த விதையே போதும். புதுப் பாத்தி என்பதால் வேர்முடிச்சு பாக்டீரியாப் பொடியை விதையில் புரட்டிக்கொள்வது நல்லது, விதைக் கடையிலேயே கிடைக்கும். ஷுகர் ஸ்னாப் வகை ஆறடி வரை ஏறும், தோலோடு தின்னலாம். பிள்ளைகள் அதைச் சமையலறைக்கு வர விடமாட்டார்கள். பாத்தியின் வடக்கு ஓரத்தில் வலைப் பந்தல் கட்டி அதில் ஏற்றுங்கள், மற்றச் செடிகளுக்கு நிழல் விழாது.

பட்டாணியோடு அதே வாரத்தில் பாலக் என்று வாங்குகிற ஸ்பினாச்சைப் போடலாம். இது உறைநிலைக்கு அருகிலேயே முளைக்கும் துணிச்சல்காரக் கீரை. பகல் நீளமும் சூடும் ஏறினால் பூத்துவிடும் என்பதால் மே கடைசிக்குள் பறித்துவிட வேண்டும். லெட்டூஸ் விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், மண்ணில் அழுத்திவிட்டு மேலே லேசாகத் தூவினால் போதும். முள்ளங்கியை வாரம் ஒரு வரி. கேரட் பொறுமையைச் சோதிக்கும்: 50 டிகிரி மண்ணில் பதினேழு நாள் வரை ஒன்றும் தெரியாது, அதுவரை மேல்மண் காயக்கூடாது. விதைத்த வரியின் மேல் ஒரு பலகையைப் போட்டுவைத்து, முளை தெரிந்ததும் எடுத்துவிடுவது பழைய தந்திரம். பீட்ரூட், வெங்காயக் கன்று, முட்டைக்கோஸ் நாற்று எல்லாம் ஏப்ரலில்.

நம் சமையலுக்கு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி, வெந்தயக்கீரை. இங்கே பலர் இவற்றை வெண்டை, கத்தரியோடு சேர்த்து ஜூனில் விதைத்துவிட்டு, பதினைந்து நாளில் பூத்துவிட்டதே என்று புலம்புவார்கள். இரண்டும் குளிர்காலப் பயிர். ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தூவுங்கள். அஞ்சறைப்பெட்டி வெந்தயமே முளைக்கும். மல்லியைக் கையால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

உருளைக்கிழங்குக்கு மண் 45 முதல் 50 டிகிரி வேண்டும். சூப்பர் மார்க்கெட் கிழங்கில் முளைக்காமலிருக்க மருந்து அடித்திருக்கலாம், நோயும் வரலாம்; சான்று பெற்ற விதைக்கிழங்கு வாங்குங்கள். பெரிய கிழங்கை இரண்டு கண்ணாவது இருக்கும்படி நறுக்கி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் பரப்பிவையுங்கள். பெரிய வெள்ளியில் நடுவதாக இருந்தால் பெரிய வாரத்தின் செவ்வாயன்று நறுக்கினால் கணக்காக இருக்கும். நான்கு அங்குல ஆழம், ஓரடி இடைவெளி. செடி எட்டு அங்குலம் வந்ததும் மண் அணைக்க வேண்டும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகி நச்சு ஏறும்.

ஒரு எச்சரிக்கை. சாம்பல் புதன் ஞாபகத்தில், அடுப்புச் சாம்பலைத் தோட்டத்தில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். விறகுச் சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும். பாலக்குக்குப் பரவாயில்லை, உருளைக்கிழங்குக்குச் சொறிநோய் வரும். மண் பரிசோதனை கேட்காத எதையும் போடாதீர்கள்.

உங்கள் பகுதி மண்டலம் 7 என்று விதைப் பொட்டலத்தில் பார்த்து, அதை வைத்து நாள் கணக்கிட வேண்டாம். அந்த எண் குளிர்காலத்தின் அதிகபட்சக் குளிரைத்தான் சொல்கிறது; பல வருடம் நிற்கிற மரம் செடிக்கு அது உதவும். நமக்கு வேண்டியது கடைசி உறைபனி எப்போது என்பது. எடிசன் பக்கம் அது ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரத்துக்குள் முடியும், அபூர்வமாகப் பிந்தும். அதுவரை மேலே சொன்னவற்றைத் தவிர எதையும் வெளியே வைக்காதீர்கள். இரவு கடுங்குளிர் என்றால் மெல்லிய வெள்ளைப் பயிர்த்துணி போர்த்துங்கள், இரண்டு முதல் நான்கு டிகிரி வரை காப்பாற்றும். முயல் தொல்லைக்கும் அதே துணி முதல் மாதம் உதவும். மான் வருகிற இடம் என்றால் எட்டடி வேலிதான். வேறு வைத்தியம் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

மே மாதத்துக்கு ஐரோப்பியச் சபை வழக்கில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மே 11 முதல் 15 வரை வரும் மாமெர்த்தூஸ், பங்கிராஸ், செர்வாத்தியூஸ், போனிபாஸ், சோபியா ஆகியோரை உறைபனிப் புனிதர்கள் என்பார்கள். அவர்கள் தாண்டும்வரை தக்காளி வெளியே போகக்கூடாது. 1582ல் நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாள் தள்ளிப்போனதால், பழைய கணக்குப்படி அது மே 20ஐத் தாண்டிவிடும். நம் கத்தரி, மிளகாய், வெண்டைக்கு அந்தத் தாமதமான கணக்கே பொருத்தம்.

இதே மாமெர்த்தூஸ் 5ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் வியன் நகரத்தில் பேராயராக இருந்தவர். பரமேறுதலுக்கு முந்தைய மூன்று நாட்கள் உபவாசித்து, ஜெபித்து ஊர்வலம் போகும் வழக்கத்தைத் தொடங்கியவர். பிற்பாடு அது வயல்களைச் சுற்றிவந்து விளைச்சலுக்காக ஜெபிக்கும் சடங்காக வளர்ந்தது. ஆங்கிலிக்கன் சபைகளில் அந்த மூன்று நாட்களுக்கு முந்தின ஞாயிறை இன்னும் அனுசரிக்கிறார்கள். உங்கள் தோட்டத்தைப் பிரதிஷ்டை செய்ய ஈஸ்டரைவிட அந்த ஞாயிறு தோதான நாள். 2026ல் அது மே 10, அமெரிக்க அன்னையர் தினமும் அன்றுதான். பட்டாணி இடுப்பளவு நிற்கும், முள்ளங்கி பிடுங்க வந்திருக்கும், சபையார் சுற்றிவந்து பார்க்க ஏதாவது இருக்கும். போதகர் மாற்கு 4ல் இருக்கிற சிறிய உவமையை வாசிக்கலாம். வழியோரம், கற்பாறை எல்லாம் வருகிற பெரிய உவமை அல்ல. மனுஷன் தூங்கி எழும்ப, அவனுக்குத் தெரியாமலே விதை முளைக்கிறது என்கிற அந்த மூன்று நான்கு வசனங்கள். முப்பத்தாறு நாள் பட்டாணிக்குக் காத்திருந்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

விளைச்சலில் ஒரு பங்கை வெளியே கொடுக்க விரும்பினால் அதையும் விதைக்கும்போதே முடிவு செய்யுங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விடு என்கிறது லேவியராகமம் 19. மிஞ்சினால் கொடுக்கிறேன் என்று அது சொல்லவில்லை, ஓரத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்கிறது. 1995ல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் என்ற தோட்டப் பத்தி எழுத்தாளர், பசித்தவர்களுக்காக ஒரு வரி கூடுதலாக நடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். அது நாடு முழுக்கப் பரவிய இயக்கமானது. உங்களுக்குப் பக்கத்து உணவு வங்கிக்கு முதலில் போன் செய்து கேளுங்கள். சில இடங்களில் குளிர்ப்பெட்டி இருக்காது, லெட்டூஸ் வாடிவிடும். முள்ளங்கி, பீட்ரூட், உருளைக்கிழங்கு என்றால் எங்கும் வாங்கிக்கொள்வார்கள். என்ன கிழமை காலையில் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு முந்தைய மாலை பறியுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இப்போதே இருக்கிறது. கத்தரியும் மிளகாயும் மார்ச் நடுவில் ஜன்னலோரத் தொட்டியில் விதைக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு மேல் வளர்ந்த நாற்றுதான் மே கடைசியில் வெளியே போகத் தாங்கும். ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிய பிறகு நடுங்கள். பாகலை ஏப்ரல் கடைசியில் சிறு தொட்டிகளில் போட்டுவையுங்கள். ஜூன் கடைசியில் பட்டாணிக்கொடி மஞ்சளாகும்போது அதை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள், வேர்முடிச்சு மண்ணிலேயே மட்கட்டும். ஜூன் தொடக்கத்திலேயே அந்தக் கொடிகளுக்கு நடுவில் பாகல் கன்றை வைத்திருந்தால், பட்டாணி காலி செய்த பந்தலில் அது ஏறிக்கொள்ளும். செப்டம்பர் வரை காய்க்கும்.